மூன்று நாட்டு வேலைக் கடிதங்களும் ஒரு வீட்டுக் கணக்கும்

மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்று பகுதிகளிலும் பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என்றால் ஒரு காலத்தில் அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்வி, "ஃபோர்ட்டா, சர்ச்கேட்டா?" என்பதுதான். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு வந்த நம் பெரியவர்களுக்கு உலகம் அந்த இரண்டு இடங்களுக்குள் அடங்கியிருந்தது. இன்று அதே வீடுகளில் "எந்த நாடு?" என்று கேட்கிறார்கள். சி.ஏ. அல்லது எம்.பி.ஏ. முடித்த பிள்ளையின் கையில் லண்டன், சிங்கப்பூர், மும்பை என்று இரண்டு மூன்று கடிதங்கள். பெரும்பாலானவை முதலீட்டு வங்கிகளிலிருந்து வருபவை. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

பொதுத்துறை வங்கி ஒன்றின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், இத்தகைய கடிதங்களோடு சங்கத்துக் குடும்பங்கள் என்னிடம் வருவதுண்டு. எந்தக் கடிதத்தை ஏற்பது என்று சொல்வது என் வேலை அல்ல. கடிதத்தை எப்படிப் படிப்பது என்பதைச் சொல்லலாம். கடிதத்தின் தலைப்பில் இருக்கும் பெரிய எண்ணை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: மாதக் கடைசியில் என்ன மிஞ்சும், வேலை போனால் அந்த நாட்டில் எத்தனை நாள் நிற்கலாம், கற்றுக்கொள்ளும் தொழில் எது. இக்கட்டுரை இம்மூன்றையும் விளக்க முயல்கிறது.

இது என்ன வங்கி?

"பேங்க் வேலைன்னா கேஷ் கவுண்டரா?" என்று இன்னும் கேட்கும் பாட்டிமார்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. முதலீட்டு வங்கியில் பாஸ்புக் இல்லை, சேமிப்புக் கணக்கு இல்லை. ஒரு கம்பெனி பங்குகளைப் பொதுமக்களுக்கு வெளியிட்டுப் பணம் திரட்டும்போதும், கடன் பத்திரம் விற்கும்போதும், இன்னொரு கம்பெனியை வாங்கும்போதும் இடையில் நின்று விலை நிர்ணயித்து, வாங்குபவரைத் தேடி, ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்துக் கட்டணம் பெறும் தொழில் இது. கூடவே பங்கு, பத்திரம், நாணயம் ஆகியவற்றை வாங்கி விற்கும் பிரிவும் இருக்கும்.

இந்தியாவில் இதற்கு முதலில் இருந்த பெயர் மெர்ச்சன்ட் பேங்கிங். 1967-ல் கிரிண்ட்லேஸ் வங்கி இத்தொழிலை இங்கு தொடங்கியது. 1972-ல் ஸ்டேட் வங்கி தனிப்பிரிவு அமைத்தது, 1986-ல் எஸ்.பி.ஐ. கேப்பிடல் மார்க்கெட்ஸ் தனிக் கம்பெனியாக உருவாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து ஸ்டேட் வங்கி அதிகாரியாகத் தொடங்கி, 1985-ல் ஐ.சி.ஐ.சி.ஐ.யின் தலைவராகப் பொறுப்பேற்ற நாராயணன் வகுல் இம்மாற்றத்தில் முக்கியமானவர். கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான கிரிசில் 1987-ல் பிறந்ததில் அவருடைய பங்கு பெரிது. 1990-களில் தாராளமயம் வந்தபின் வெளிநாட்டுப் பெயர்கள் இந்தியக் கூட்டாளிகளோடு வந்தன: கோட்டக்கோடு கோல்ட்மேன் சாக்ஸ், ஜே.எம்.மோடு மோர்கன் ஸ்டான்லி. 2006-லும் 2007-லும் அந்தக் கூட்டுகள் பிரிந்து, வெளிநாட்டு வங்கிகள் தனியே கடை விரித்தன.

நரிமன் பாயிண்டில் இருந்த இத்தொழிலின் பெரும்பகுதி பிறகு பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கு நகர்ந்தது. தேசியப் பங்குச் சந்தையும் செபியும் அங்கேதான் இருக்கின்றன. தாராவிக்கும் அந்த வளாகத்துக்கும் நடுவில் இருப்பது மித்தி ஆறு மட்டுமே. தாராவிப் பையன் லண்டனுக்கும் போகலாம், ஆற்றைத் தாண்டியும் போகலாம் என்ற நிலை நம் தலைமுறையில் வந்திருக்கிறது.

பெரிய எண் சொல்லாதது

செம்பூர்ப் பெண் ஒருத்திக்கு மூன்று கடிதங்கள் வந்தன. அவளுடைய அம்மா என்னிடம் சொன்னது: "மாமா, லண்டன்ல எண்பத்தாறு லட்சம் ஆறது. இங்க நாப்பது. ரெண்டு மடங்குக்கும் மேல. இதுல யோசிக்க என்ன இருக்கு?" யோசிக்க இருப்பதைத் தாளில் போட்டுக் காட்டினேன். எண்களை இங்கே முழுமையாக்கித் தருகிறேன். நாணய மாற்று விலை தினமும் மாறும். கணக்குக்காக ஒரு பவுண்டு 115 ரூபாய், ஒரு சிங்கப்பூர் வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

லண்டன் கடிதத்தில் ஆண்டுச் சம்பளம் 75,000 பவுண்டு, அதாவது சுமார் 86 லட்ச ரூபாய். 2025-26 வரி ஆண்டின் விகிதப்படி, முதல் 12,570 பவுண்டுக்கு வரி இல்லை. அதற்குமேல் 50,270 வரை 20 விழுக்காடு, பிறகு 40 விழுக்காடு. வருமான வரி 17,432 பவுண்டு. தேசியக் காப்பீடு என்ற பிடித்தம் சுமார் 3,511. கையில் வருவது ஆண்டுக்கு ஏறத்தாழ 54,057; மாதம் 4,505 பவுண்டு.

சிங்கப்பூர்க் கடிதத்தில் 1,20,000 வெள்ளி, அதாவது 78 லட்ச ரூபாய். 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் அமலான விகிதப்படி, கழிவு எதுவும் கேட்காவிட்டாலும் வரி 7,950 வெள்ளிதான். மாதம் கையில் 9,337 வெள்ளி.

மும்பைக் கடிதத்தில் 40 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 75,000 நிலைக்கழிவு போக, வரியும் செஸ்ஸும் சேர்ந்து 7,87,800 ரூபாய். மாதம் கையில் சுமார் 2,67,700. இதிலிருந்து பி.எஃப். பிடிப்பார்கள், அதுவும் நம் பணமே என்பதால் நான் கழிக்கவில்லை.

ஆக, வரி போட்ட உடனேயே வரிசை மாறிவிடுகிறது. வரிக்கு முன் லண்டன் முதலிடம். வரிக்குப் பின் சிங்கப்பூர் 72.8 லட்சம், லண்டன் 62.2 லட்சம், மும்பை 32.1 லட்சம்.

அடுத்து வீட்டுச் செலவு. இது ஒவ்வொருவருக்கும் மாறும். தனியாக இருக்கும் ஒருவருக்கு வாடகை, சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து லண்டனில் மாதம் 3,000 பவுண்டு, சிங்கப்பூரில் 5,000 வெள்ளி என்று வைத்துப் பார்த்தோம். மும்பையில் அவள் பெற்றோரோடு செம்பூர் வீட்டிலேயே இருப்பாள். வீட்டுக்குக் கொடுப்பதும் சொந்தச் செலவும் 60,000 ரூபாய். மிஞ்சுவது என்ன? சிங்கப்பூரில் 2.82 லட்சம். மும்பையில் 2.08 லட்சம். லண்டனில் 1.73 லட்சம். முதலில் நின்ற லண்டன் கடைசிக்கு வந்துவிட்டது! அதே மும்பையில் அவள் தனி வீடு எடுத்து 1,20,000 செலவழித்தால் மிஞ்சுவது 1.48 லட்சமாகக் குறையும். அப்பா அம்மாவின் கூரை மாதம் 60,000 ரூபாய்க்குச் சமம் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

பொருளாதார நூல்கள் இதை வாங்கும் சக்திச் சமநிலை என்கின்றன. உலக வங்கி ஒருங்கிணைத்த 2017-ஆம் ஆண்டு விலை ஒப்பீட்டில், அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளும் சேவையும் இந்தியாவில் சராசரியாக 20.65 ரூபாய்க்குக் கிடைத்தன. அந்த ஆண்டு சந்தையில் டாலரின் விலையோ 65 ரூபாய். டாலர் சம்பளத்தை அப்படியே ரூபாயாக்கிப் பார்ப்பது ஏன் ஏமாற்றும் என்பதற்கு இதுவே காரணம். ஆனால் இதை எதிர்ப்பக்கம் நீட்டவும் கூடாது. 20.65 என்பது நாடு முழுவதற்குமான சராசரி. முடிவெட்டும் கூலியும் காய்கறியும் அதில் உண்டு. மும்பை வீட்டு வாடகை அந்தச் சராசரிக்குள் அடங்காது என்பதை மாட்டுங்காவில் வீடு தேடியவர்கள் அறிவார்கள்.

துபாயைப் பற்றியும் கேட்பார்கள். ஐக்கிய அரபு நாடுகளில் சம்பளத்துக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. ஹாங்காங்கில் வரி உண்டு, ஆனால் குறைவு. பிள்ளைகள் பிறந்தபின் பள்ளிக் கட்டணம் இந்த மிச்சத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளக்கூடும். கணக்கைத் தனி ஆளாக ஒரு முறையும், நால்வர் குடும்பமாக ஒரு முறையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

போனஸ் என்னும் கானல்

முதலீட்டு வங்கிச் சம்பளத்தில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று மாதாமாதம் வரும் நிலைச்சம்பளம். மற்றது ஆண்டிறுதி போனஸ். பதவி உயர உயர இரண்டாவது பாகம் பெரிதாகும். அதில் ஒரு பகுதியை உடனே தராமல், கம்பெனிப் பங்காக மாற்றி மூன்று நான்கு ஆண்டுகளில் பிரித்துத் தருவது வழக்கம். நடுவில் விலகினால் மீதி போய்விடக்கூடும். எனவே "மொத்தம் இவ்வளவு" என்று கடிதத்தில் இருந்தால், அதில் உறுதியானது எவ்வளவு, கூடும் என்பது எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். வீட்டுக் கடனும் கல்விக் கடனும் உறுதியான பாகத்திலிருந்து மட்டுமே கட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

சட்டமும் இங்கு குறுக்கே வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல், முக்கியப் பொறுப்பில் இருப்போரின் போனஸ் நிலைச்சம்பளத்தைத் தாண்டக்கூடாது, பங்குதாரர் ஒப்பினால் இரு மடங்கு வரை போகலாம் என்று வரம்பு விதித்தது. லண்டன் வங்கிகள் நிலைச்சம்பளத்தை உயர்த்தி ஈடுகட்டின. 2023 அக்டோபர் 31-ல் பிரிட்டன் அந்த வரம்பை நீக்கிவிட்டது. ஆகவே லண்டனில் பத்தாண்டுக்கு முன் வேலை பார்த்த உறவினர் சொல்லும் சம்பள விவரம் இன்றைய கடிதத்துக்குப் பொருந்தாது.

பட்டங்களைக் கண்டும் மயங்க வேண்டாம். வங்கியில் "வைஸ் பிரசிடென்ட்" என்றால் துணைத் தலைவர் என்று மொழிபெயர்த்துக் கல்யாணப் பத்திரிகையில் போட்டுவிடுகிறோம். அனலிஸ்ட், அசோசியேட் என்ற இரு படிகளுக்கு அடுத்த மூன்றாம் படிதான் அது. ஒரே வங்கியில் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பட்டத்தோடு இருப்பார்கள்.

வேலை போனால் எங்கே நிற்பான்?

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர், திருநெல்வேலிக்காரர். மகன் சி.ஏ. தேறி, ஆற்றுக்கு அக்கரை வளாகத்தில் ஒரு வேலையும் சிங்கப்பூரில் ஒரு வேலையும் வாங்கியிருந்தான். படிப்புக் கடன் அப்பாவின் ஜாமீனில் இருந்தது. அவர் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அண்ணாச்சி, கம்பெனிக்காரன் நாளைக்கே போன்னு சொல்லிட்டாம்னா பய எங்க நிப்பான்? அம்புட்டுதான் எனக்குத் தெரியணும்" என்றார். நாற்பது ஆண்டு வங்கிக்காரர்களும் கேட்க மறக்கும் கேள்வி அது.

வெளிநாட்டு வேலை அனுமதி பெரும்பாலும் அந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் அனுமதியும் போகும். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள் தங்கும் அனுமதி தருவார்கள். அதோடு, வரிப் பாக்கி சரிபார்க்கப்படும் வரை கடைசிச் சம்பளத்தை முதலாளி நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கையில் பணம் தேவைப்படும் அதே மாதத்தில் பணம் வராது. பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு வழக்கமாக 60 நாள் கிடைக்கும். அமெரிக்காவில் எச்-1பி விசாவுக்கு அதிகபட்சம் 60 நாள். அந்தச் சலுகையும் 2017 ஜனவரியில்தான் விதியாக வந்தது. அதற்குள் புதிய முதலாளி கிடைக்க வேண்டும், இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2008 செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் நியூயார்க்கில் திவால் மனு கொடுத்தது. உலகெங்கும் அதன் ஊழியர்கள் ஏறத்தாழ 25,000 பேர். ஒரே கம்பெனி, ஒரே அடையாள அட்டை. ஆனால் ஊருக்கு ஊர் விதி வேறாயிற்று. வட அமெரிக்கத் தொழிலை ஒரு வாரத்துக்குள் பார்க்லேஸ் வாங்கிக்கொண்டது. லண்டன் கிளை அன்றே நிர்வாகிகளின் கைக்குப் போனது. அங்கே எல்லாத் தொழிலுக்கும் ஆள் கிடைக்கவில்லை. ஆசியப் பகுதியையும், பிறகு ஐரோப்பியப் பங்குத்தொழில் பகுதியையும் ஜப்பானின் நொமுரா எடுத்தது. நம் பவாயில் சுமார் 3,000 பேர் வேலை பார்த்த லேமன் சேவை மையத்தையும் அக்டோபரில் நொமுராவே வாங்கிற்று. பவாயில் இருந்தவர்களுக்கும் அந்த வாரங்கள் தூக்கமில்லாத வாரங்கள்தான். ஆனால் அவர்கள் பயந்தது வேலைக்காக மட்டும். நியூயார்க்கில் எச்-1பி விசாவில் இருந்தவர் வேலை, வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளி, நாட்டில் தங்கும் உரிமை ஆகிய நான்குக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருந்தது. அப்போது 60 நாள் சலுகையும் இல்லை. 2023 மார்ச்சில் கிரெடி சுவிஸ் என்னும் பழம்பெரும் வங்கியை யு.பி.எஸ். வாங்க நேர்ந்தபோதும், பெயரின் பெருமை பாதுகாப்பு ஆகாது என்பதே மறுபடி தெரிந்தது.

ஊர் நம்மை வைத்துக்கொள்ளுமா என்ற கேள்வி நம் சமூகத்துக்குப் புதிதல்ல. 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்கள் அலுவலக வேலைகளைப் பிடித்துக்கொண்டார்கள் என்ற குரல் இதே பம்பாயில் ஓங்கி ஒலித்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆனாலும் அன்று யாரும் முப்பது நாளில் நாட்டை விட்டுப் போகச் சொல்ல முடியாது. சொந்த நாட்டுக்குள் இடம்பெயர்வதற்கும் அயல்நாட்டுக்குப் போவதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

எத்தனை ஆண்டு, எந்த உரிமை

நிரந்தரமாகத் தங்கும் வழி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் எச்-1பி விசாவுக்கு ஆண்டு வரம்பு 85,000. விண்ணப்பம் மிகும்போது குலுக்கல். 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து எடுக்கப்படும் புதியவர்களுக்கு முதலாளி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்ற அதிபரின் பிரகடனமும் வந்தது. கிரீன் கார்டிலோ ஒரு நாட்டவருக்கு 7 விழுக்காடு என்ற உச்சவரம்பு இருப்பதால் இந்தியர் வரிசை மிக நீளம். இந்தக் கதவுக்குப் பக்கவாசலும் உண்டு: அதே வங்கியின் வேறு நாட்டுக் கிளையில் ஓராண்டு வேலை பார்த்தவர் எல்-1 விசாவில் மாற்றலாகலாம். அமெரிக்காவே குறி என்றாலும் மும்பையிலோ லண்டனிலோ தொடங்குவது வீண் சுற்று அல்ல.

பிரிட்டனில் 5 ஆண்டு உழைத்தால் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது நெடுநாள் விதி. 2025 மே மாத அரசு வெள்ளை அறிக்கை அதைப் பொதுவாக 10 ஆண்டாக்க முன்மொழிந்தது. போகும் பிள்ளை, புறப்படும் நாளில் உள்ள விதியை அரசுத் தளத்திலேயே படிக்க வேண்டும். விசாவோடு மருத்துவ வரியாக ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது 2024 பிப்ரவரியில் வந்த தொகை. அதை வங்கி கட்டுமா, நாம் கட்டுவதா? கடிதத்தில் தேடுங்கள்.

சிங்கப்பூரில் 2023 செப்டம்பரிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புள்ளி முறை உண்டு. நிதித்துறையில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியில் மாதம் 6,200 வெள்ளியாக உயர்ந்தது. வயது ஏற ஏற அதுவும் ஏறும். அங்கே நிரந்தரவாசம் பெறும் குடும்பத்தார் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற மகனுக்குப் பதினெட்டு வயதையொட்டி இரண்டாண்டு தேசிய சேவை கட்டாயம். இது நல்லதா கெட்டதா என்பது அவரவர் எண்ணம். கையெழுத்துப் போடும் முன்பே வீட்டில் பேசிவிட வேண்டிய விஷயம் என்பதில் ஐயமில்லை.

முதுமைக்கான சேமிப்பும் இதோடு சேர்ந்ததே. அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டிக்குச் சம்பளத்தில் 6.2 விழுக்காடு பிடிப்பார்கள். ஓய்வூதிய உரிமைக்கு 40 காலாண்டு, அதாவது 10 ஆண்டு உழைப்பு வேண்டும். எச்-1பி-யின் சாதாரண ஆயுள் 6 ஆண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதற்கான உடன்படிக்கை இல்லாததால், ஆறாம் ஆண்டில் திரும்புபவர் கட்டியது பலன் தருவதில்லை. பிரிட்டன் அரசு ஓய்வூதியத்துக்கும் பொதுவாகக் குறைந்தது 10 ஆண்டு வேண்டும். சிங்கப்பூரின் சி.பி.எஃப். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. பாஸில் இருப்பவர் தாமே சேமித்துக்கொள்ள வேண்டும். அமீரகத்தின் வழக்கமான சட்டத்தில் முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். மும்பையில் பி.எஃப்.பில் முதலாளியும் பங்கு போடுகிறார். மேலே போட்ட மிச்சக் கணக்கில் இவற்றையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் சுருங்கும்.

எந்த வேலை என்பதே எந்த நாடு என்பதைவிடப் பெரிது

வங்கியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேலை பலவகை. கம்பெனி முதலாளிகளோடு நேரே பேசி ஒப்பந்தம் முடிப்பது ஃப்ரன்ட் ஆபீஸ். அபாயக் கணக்கு, கண்காணிப்பு போன்றவை நடு அலுவலகம். கணக்குச் சரிபார்ப்பு, அறிக்கை, மென்பொருள் முதலியவை பேக் ஆபீஸ். பவாய், கோரேகாவ், பெங்களூரு ஆகிய இடங்களில் உள்ள பெரிய மையங்களில் மிகுதியும் பின்னிரண்டு வகைதான். அவை மட்டமான வேலைகள் அல்ல. நேரமும் ஓரளவு ஒழுங்காக இருக்கும். ஃப்ரன்ட் ஆபீஸில் புதியவருக்கு வாரம் 70, 80 மணி நேரம் சாதாரணம். ஆனால் ஒரு வகையிலிருந்து மற்றதற்குத் தாவுவது கடினம், ஆண்டு செல்லச் செல்ல இன்னும் கடினம். முதல் வேலை ஒரு முத்திரையைக் குத்திவிடுகிறது.

செம்பூர்ப் பெண்ணின் லண்டன் கடிதம் கம்பெனிகளை வாங்கி விற்கும் பிரிவிலிருந்து வந்தது. சிங்கப்பூரும் மும்பையும் அறிக்கை தயாரிக்கும் பிரிவுகள். கணக்கில் கடைசியாக நின்ற லண்டனையே அவள் எடுத்தாள். குறைவாக மிஞ்சும் என்று தெரிந்தே எடுத்தாள். மூன்றாண்டுத் தொழில்கல்விக்குத் தான் கட்டும் கட்டணம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் "எண்பத்தாறு லட்சம் எங்கே போறது?" என்று பிறகு கேட்கவில்லை.

தாராவிப் பையனுக்கு நிலைமை வேறு. அவனுக்கு வந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே வகை வேலை. அவன் அக்கரை வளாகத்திலேயே சேர்ந்தான். இரண்டாண்டில் படிப்புக் கடன் அடைந்தது. அப்பாவின் ஜாமீன் விடுபட்டது. பிறகு சிங்கப்பூருக்குப் போனான். போகும் முன் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வைப்பு நிதியில் போட்டுவிட்டுப் போனான். அப்பா கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். ஜாமீன் கொடுத்தவரின் கழுத்தில் கயிறு இருக்கும்போது முப்பது நாள் பாஸை நம்பிப் போகக்கூடாது என்று அவன் நினைத்தது சரியென்றே எனக்குப் படுகிறது.

இருவரும் ஒரே கணக்கைப் போட்டு இரு வேறு முடிவுக்கு வந்தார்கள். இரண்டும் தெரிந்தெடுத்த முடிவுகள்.

கடிதத்தோடு உட்காரும்போது

கையெழுத்துப் போடும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, ஒரு தாளில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்:

1. வரி, பிடித்தம், வாடகை போக மாதம் என்ன மிஞ்சும்? தனி ஆளாக எவ்வளவு, குடும்பமாக எவ்வளவு?

2. சொன்ன சம்பளத்தில் உறுதியானது எவ்வளவு? போனஸ் எத்தனை ஆண்டில் கைக்கு வரும்? சேரும்போது தரும் தொகையை ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா?

3. வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம்? நோட்டீஸ் காலம் எவ்வளவு? இந்தியாவிலும் லண்டனிலும் இரண்டு மூன்று மாதம் இருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலும் வெகு குறைவு.

4. விசா, மருத்துவம், விமானச் செலவு யாருடையது? மனைவிக்கோ கணவனுக்கோ அங்கே வேலை செய்ய அனுமதி உண்டா?

5. செய்யப்போகும் வேலை எந்தப் பிரிவு? அதே பிரிவில் ஐந்தாண்டு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

6. ரூபாய்க் கடன் எவ்வளவு, ஜாமீன் யார்? ஆறு மாதச் செலவு கையில் இருக்கிறதா?

7. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நள்ளிரவில் உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது யார்?

கடைசிக் கேள்விக்குச் சிங்கப்பூர் ஐந்தரை மணி விமானம், லண்டன் ஒன்பது பத்து மணி, நியூயார்க் பதினாறு மணி என்பதும் ஒரு பதில்தான். பக்கத்து வீட்டுக்காரரும் சங்கத்து நண்பர்களும் இன்னொரு பதில். பிள்ளைகள் கடல் தாண்டிப் போன வீடுகள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பெருகிவிட்டன. அந்த வீடுகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு சங்கமும் ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகள் நிம்மதியாகப் போய்வர அதுவும் ஒரு வழி.